வழித்துணை: போதையிலிருந்து மீள்வோரும் சக ஆதரவாளரும்

சக ஆதரவாளர் என்பவர் போதைப்பொருளிலோ மதுவிலோ சிக்கி, அதிலிருந்து மீண்டு, இப்போது மீள முயலும் இன்னொருவருக்குத் துணை நிற்பவர். அவருடைய கடந்த காலமே அவருக்கு இந்த வேலையைப் பெற்றுத் தருகிறது. மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். ஆலோசகர் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். கண்காணிப்பு அதிகாரி சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவைப் பதிவு செய்கிறார். வாரத்தின் மீதி 167 மணி நேரமும் மீள்பவர் தம் தெருவில், தம் வீட்டில், பழைய கூட்டாளிகளுக்கு நடுவில்தான் இருக்கிறார். சக ஆதரவாளரின் வேலை அந்த நேரத்துக்குள் நடக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் அது வேலையாகவே தெரியாது. ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் தரும் கிளினிக்குக்கு முதல் சில நாள் கூடவே போவது, தொலைந்த அடையாள அட்டைக்கு மறுபடி விண்ணப்பிக்க வரிசையில் நிற்பது, பட்டறை முதலாளியிடம் பேசி ஒரு வாய்ப்புக் கேட்பது, கதவைத் திறக்க மறுக்கும் அம்மாவிடம் வாசலில் நின்று பேசுவது, இரவு இரண்டு மணிக்கு வரும் போனை எடுப்பது. இதில் எதற்கும் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் கிளினிக் வாசலில் தயங்கி நிற்பவர் ஏன் தயங்குகிறார், அவர் கை எதற்காக நடுங்குகிறது, ‘நாளைக்கு வரேன் அண்ணே’ என்று சொல்லும்போது உண்மையில் எங்கே போகப் போகிறார் என்பவை, அங்கே ஒரு காலத்தில் நின்றவருக்கு உடனே புரிகின்றன.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற சுய உதவிக் குழுக்களில் புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரிடமிருந்து இவர் வேறுபட்டவர். மூத்த உறுப்பினர் ஊதியம் பெறுவதில்லை. தம் குழுவின் பன்னிரண்டு படிகளை மட்டுமே கற்றுத் தருகிறார். சக ஆதரவாளருக்கு ஊதியமோ படித்தொகையோ உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, எழுத வேண்டிய குறிப்பேடும் உண்டு. மெத்தடோன் எடுத்து மீள்பவர், கோயிலில் சத்தியம் செய்து மீள்பவர், குடியை முழுதாக விடாமல் குறைத்துக்கொள்ள மட்டும் விரும்புபவர் என எல்லோருக்கும் அவர் துணை நிற்க வேண்டும். தாம் எந்த வழியில் மீண்டாரோ அதுவே ஒரே வழி என்று நம்பும் சக ஆதரவாளர் நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்வார்.

அபின் குத்தகை முதல் ஊசி மாற்றம் வரை

மலேசியாவின் பினாங்குத் தீவில் இந்த வேலைக்கு நீண்ட பின்புலம் உண்டு. பிரான்சிஸ் லைட் 1786இல் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்ட சில ஆண்டுகளிலேயே அபின் விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்த ஆண்டுகள் உண்டு. சுங்க வரி இல்லாத் துறைமுகம் நடத்த முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கூலிகள் புகைத்த அபின் அவர்களின் கூலியை மறுபடி அரசிடமே கொண்டு சேர்த்தது.

இதை எதிர்த்த முதல் மருத்துவர்களில் ஒருவர் பினாங்கிலேயே பிறந்தவர். 1879இல் பிறந்து, பினாங் ஃப்ரீ ஸ்கூலிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துத் திரும்பிய வூ லியன் தே, ஜார்ஜ்டவுனில் மருத்துவம் பார்த்துக்கொண்டே அபின் எதிர்ப்புச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1907இல் உரிமம் இல்லாமல் ஓர் அவுன்ஸ் அபின் கரைசல் வைத்திருந்ததாக அவர்மீதே வழக்குப் போடப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. அவர் சீனாவுக்குப் போய், பிறகு மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கியவராக உலகப் புகழ் பெற்றார். 1910 முதல் குத்தகைக்காரர்களை நீக்கிவிட்டு அரசே அபின் விற்பனையை எடுத்துக்கொண்டது. அபின் புகைத்தல் முழுதாகத் தடைசெய்யப்பட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

1970களில் ஹெராயின் வந்தது. 1983இல் மலேசிய அரசு போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கான அச்சுறுத்தல் என்று அறிவித்தது. அதே ஆண்டில் வந்த போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்படி, ஒருவரைப் பரிசோதித்துப் போதைக்கு அடிமை என்று உறுதி செய்தால் மாஜிஸ்திரேட் அவரை இரண்டு ஆண்டுகள் வரை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம் என்றாயிற்று. வெளிவந்த பின் மேலும் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பும் இருந்தது. 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, உடலில் போதைப்பொருள் ஏற்றிக்கொண்டதே குற்றம்: ஐயாயிரம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை.

ஒரு பக்கம் தண்டனை இப்படி வளர்ந்தபோது, மறுபக்கம் ஆய்வும் இதே தீவில் வளர்ந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் பேராசிரியர் வி. நவரத்தினத்தின் நீண்ட காலத் தலைமையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாக இயங்கியது. இன்று வடமாநிலங்களில் காய்ச்சிக் குடிக்கப்படும் கெத்தும் (கிராத்தோம்) இலை பற்றி உலகம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி இங்கிருந்து வந்தது. விக்னசிங்கம் பாலசிங்கமும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வடபகுதியில் கெத்தும் குடிக்கும் 136 பேரை விசாரித்தார்கள். அவர்களில் 104 பேருக்கு ஏற்கெனவே வேறு போதைப்பொருள் பழக்கம் இருந்திருந்தது. புதிதாகக் கெத்தும் குடிக்கத் தொடங்கியவர்களில் பலர் மற்றப் பழக்கத்தைக் குறைப்பதற்காகவே அதைக் குடித்தார்கள். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வருமோ என்று அஞ்சும் மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள் என்பதுதான் இதன் பொருள். அந்த வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? இன்னொரு பயனர். யாரும் நியமிக்காத சக ஆலோசனை அங்கே எப்போதுமே நடந்துகொண்டுதான் இருந்தது.

அதை அரசு ஒப்புக்கொள்ள வைத்தது எச்.ஐ.வி. மலேசியாவில் 1986இல் முதல் தொற்று கண்டறியப்பட்டது. 2002இல் ஒரே ஆண்டில் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. பெரும்பான்மையானவை ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் வந்தவை. 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சை சோதனை முறையில் தொடங்கியது. 2006 பிப்ரவரியில் ஊசி, சிரிஞ்சு மாற்றுத் திட்டம் மூன்று நகரங்களில் தொடங்கியது: கோலாலம்பூர், ஜொகூர் பாரு, பினாங்கு. பினாங்கில் அதை நடத்தியது பல்கலைக்கழகத்தைச் சார்ந்து உருவான எய்ட்ஸ் நடவடிக்கை, ஆய்வுக் குழு.

ஊசி மாற்றம் சொல்வதற்கு எளிது: பழையதைக் கொடு, புதியதை வாங்கு. நடைமுறையில், பயனர்கள் கூடும் ‘போர்ட்’ எங்கே, அது இந்த வாரம் எந்தச் சந்துக்கு மாறியிருக்கிறது, எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருப்பார்கள், யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதெல்லாம் சுகாதார அதிகாரிக்குத் தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட அந்நியர் ஒருவர் சந்துக்குள் நுழைந்தால் நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். அதனால் இந்தத் திட்டத்துக்கு முன்னாள் பயனர்கள் களப்பணியாளர்களாக வேண்டியிருந்தார்கள். சட்டம் எதைக் குற்றத்தின் சான்றாகப் பார்த்ததோ அதுவே இங்கே வேலைக்கான தகுதியாயிற்று. அதே சமயம், பயன்படுத்திய ஊசிகளைப் பையில் சுமந்து நடக்கும் முன்னாள் கைதி எந்த நேரமும் பிடிபடலாம். வட்டாரக் காவல் நிலையத்துடன் முன்கூட்டிப் பேசி வைக்காமல் இந்த வேலை ஒரு நாளும் ஓடியிருக்காது. இன்று மலேசியாவில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசி வழி வருபவை மிகச் சிறு பங்குதான். களப்பணியாளர்கள் வெறும் ஊசி கொடுத்து நிற்கவில்லை; புண்ணுக்கு மருந்து போட்டார்கள், கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள், மெத்தடோனில் சேர்த்துவிட்டார்கள். பினாங்கில் சக ஆதரவு வேலை வளர்ந்தது இந்தத் தெருப்பணியிலிருந்துதான். மேலைநாடுகளில் அது பெரும்பாலும் சுய உதவிக் கூட்டங்களிலிருந்தும் மனநல மருத்துவமனைகளிலிருந்தும் வளர்ந்தது.

கூடி மீண்டவர்கள்

போதையிலிருந்து மீண்டவர் இன்னொருவரை மீட்பது பழைய வழக்கம். 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் மதுக்கடையிலேயே தொடங்கிய வாஷிங்டன் சங்கம் சில ஆண்டுகள் காட்டுத்தீயாய்ப் பரவி, அரசியலில் சிக்கி மங்கியது. 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரனில் பங்குச் சந்தைக்காரர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. வில்சன் அப்போது ஊர்விட்டு ஊர் வந்து, வியாபாரம் தோற்று, ஓட்டலின் மதுக்கூடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். தான் குடிக்காமலிருக்க இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே தொடக்கம். உதவி பெறுபவரைவிட உதவுபவருக்கே முதலில் பயன் என்ற எண்ணம் அங்கே இருந்தது. 1953இல் கலிஃபோர்னியாவில் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் வந்தது. மீண்டவர்களே நடத்தும் குடியிருப்புச் சிகிச்சைச் சமூகங்களின் முறையை மலேசியாவுக்குக் கொண்டுவந்தவற்றில் முதன்மையானது, 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் பெங்காசே. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிலையம் சிகிச்சைக்கு வருபவரின் குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் இழுத்தது. தமிழ் நிலத்தில் அது தேவையான ஏற்பாடு.

பினாங்குத் தமிழருக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி கடலுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கே ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடாவின் பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. பால்வெட்டுத் தொழிலாளிகளே சீருடை அணிந்து, உடற்பயிற்சி செய்து, கள்ளுக்கடை வாசலில் நின்று தங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1947இன் தொடக்கத்தில் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை மறியல் காவல்துறையுடன் மோதலில் முடிந்தது, படை ஒடுக்கப்பட்டது. தொழிற்சங்க வரலாற்றில் இதைப் பற்றி எழுதுவோர் பொதுவாக அரசியலையே பார்க்கிறார்கள். மீட்சி அறிவியலின் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: லயத்தில் பக்கத்து வீட்டுக்காரன் குடிக்காமலிருப்பதே ஒருவனுக்குக் குடிக்காமலிருக்கக் கிடைத்த பெரிய ஆதரவு. கள்ளின் இடத்தைப் பிறகு சம்சு என்னும் மலிவான சாராயம் பிடித்துக்கொண்டது. எஸ். எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை வகித்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவை எதிர்த்துத் தமிழிலும் தொடர்ந்து பேசியது. ஆனால் கடையை மூடச் சொல்வதும் குடித்தவர் பக்கத்தில் உட்காருவதும் இரண்டு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்கு ஆள் எப்போதும் குறைவு.

மூளைக்கு ஏன் ஆள் துணை வேண்டும்

போதைப்பொருள் மூளையின் வெகுமதிச் சுற்றில் டோபமைனைத் திடீரென்று கூட்டுகிறது. இது திரும்பத் திரும்ப நடக்கும்போது, போதைக்கு முன்பு கண்ணில் பட்டவை, காதில் விழுந்தவை, மூக்கில் ஏறியவை எல்லாம் போதையின் முன்னறிவிப்பாகப் பதிந்துவிடுகின்றன. பழைய சந்து, பழைய நண்பனின் மோட்டார் சைக்கிள் சத்தம், சம்பள நாள், அலுமினியத் தாள். கொக்கைன் பயன்படுத்தியவர்களுக்கு அதைச் சார்ந்த காட்சிகளைத் திரையில் காட்டியபோதே மூளைப் படங்களில் மாற்றம் தெரிந்தது என 1990களின் ஆய்வுகள் காட்டின. வடமலேசியாவில் பயனர்கள் ‘கியான்’ என்று சொல்லும் அந்த ஏக்கம், உடலில் மருந்தின் சுவடே இல்லாத நிலையிலும் மாதக் கணக்கில் வந்துபோகும்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இயற்கைச் சோதனை ஒன்று வியட்நாம் போரில் நடந்தது. அங்கே அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையானார். சமூகவியலர் லீ ராபின்ஸ் அவர்களை ஊர் திரும்பிய பின் தொடர்ந்து கவனித்தார். அடிமையாயிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு. மூன்று ஆண்டுகளுக்குள் சிறிது காலமேனும் திரும்பியவர்கள் 12 விழுக்காடு. போர், மலிந்த ஹெராயின், கூடப் புகைத்த நண்பர்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. ஜார்ஜ்டவுனில் சிறையிலிருந்து வெளிவருபவருக்கு அப்படிக் கடல் எதுவும் இல்லை. ஜாலான் பெஞ்சாராவிலுள்ள சிறை வாசலிலிருந்து பழைய கூட்டம் நடக்கும் தூரத்தில் இருக்கும். இடத்தை மாற்ற முடியாதபோது, இடத்திலிருக்கும் ஆட்களையாவது மாற்றலாம். சக ஆதரவின் கோட்பாடு இதன்மேல்தான் நிற்கிறது.

வெளிவந்த முதல் இரண்டு வாரங்கள் உயிருக்கே ஆபத்தானவை. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவை ஏற்றினால் மூச்சு அடங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் மிகையளவால் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கண்டது. மிகையளவை முறிக்கும் நாலோக்ஸோனைச் சாதாரண மக்களுக்கும் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. விடுதலை நாளன்றே சக ஆதரவாளர் வாசலில் நிற்க வேண்டும் என்பது இதனால்தான். அடுத்த வாரம் கிளினிக்கில் பார்க்கலாம் என்று சொன்னால் அடுத்த வாரம் ஆள் இல்லாமல் போகலாம்.

சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

உதவி செய்பவரே அதிகம் பயனடைகிறார் என்ற கருத்தை ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் கோட்பாடாக எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து அதற்கு எண்கள் கிடைத்தன. குடிநோய்ச் சிகிச்சை பற்றிய பெரிய ஆய்வொன்றின் தரவுகளை மரியா பகானோவும் சகாக்களும் 2004இல் அலசியபோது, மற்றவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு முழுதும் குடிக்காமலிருந்தார்கள். உதவாதவர்களில் 22 விழுக்காட்டினர். உதவும் மனம் உள்ளவர்கள் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் இங்கே நியாயமானது.

உதவி பெறுபவர் பக்கம் பார்த்தால், பாஸ்டன் நகரின் வெளிநோயாளர் பிரிவுகளில் கொக்கைனும் ஹெராயினும் பயன்படுத்திய 1,175 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. மீட்சியிலிருக்கும் சக கல்வியாளர் ஒருவர் ஒரே ஒரு முறை பேசினார்; பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. ஆறு மாதம் கழித்து ஹெராயினை விட்டிருந்தவர்கள் 40.2 விழுக்காடு; அறிவுரை எழுதிய துண்டுக் காகிதம் மட்டும் பெற்றவர்களில் 30.6. கொக்கைனில் 22.3க்கு 16.9. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அதற்கு ஆன செலவு ஒரு பேச்சு. மார்க் லிட் குழுவின் ஆய்வு இன்னும் நேரடியாகப் பொறிமுறையைத் தொட்டது: குடிக்காத ஒரே ஒரு நண்பர் கூடுதலாகச் சேர்ந்தாலே அடுத்த ஆண்டில் குடிக்காமலிருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடியது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குறித்த 27 ஆய்வுகளைத் திரட்டிய 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பன்னிரண்டு படி வழியில் சேர்க்கப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் 42 விழுக்காட்டினர் தொடர்ந்து குடிக்காமலிருந்ததாகவும், மற்றச் சிகிச்சைகளில் அது 35 என்றும் கண்டது.

ஊதியம் பெறும் சக ஆதரவாளர்களைப் பற்றிய ஆய்வுகள் இவ்வளவு உறுதியானவை அல்ல. ஒவ்வொரு திட்டத்திலும் வேலை வேறாக இருக்கிறது; பலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. சிகிச்சையில் தொடர்ந்து இருக்க வைப்பதில் பயன் தெரிகிறது. போதையை நிறுத்துவதில் முடிவுகள் கலவையானவை. மருந்துக்கு மாற்றாகச் சக ஆதரவை வைப்பது தவறு. ஓபியாய்டு பழக்கத்தில் மெத்தடோனின் வலிமையை மலேசிய ஆய்வே காட்டுகிறது: கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டாய மையத்திலிருந்து வெளிவந்தவர்களையும் விரும்பி மெத்தடோன் சிகிச்சைக்கு வந்தவர்களையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், மறுபடி ஓபியாய்டுக்குத் திரும்பும் இடைநிலைக் காலம் முதல் குழுவில் 31 நாள், இரண்டாவதில் 352 நாள். இரண்டு ஆண்டு வரை பூட்டி வைத்துப் பெற்ற பலன் ஒரு மாதம். இந்த எண் கண்ணில் பட்ட பிறகும் பூட்டி வைப்பதை மருத்துவம் என்று சொல்வது கடினம். சக ஆதரவாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், அந்த 352 நாள் வரிசையில் ஆளைச் சேர்த்து, வெளியேறாமல் பார்த்துக்கொள்வதே.

சியாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் கணக்கை மாற்றிவிட்டது. மலேசியாவில் இப்போது அதிகம் புழங்குவது அதுவே. அதற்கு மெத்தடோன் போன்ற மாற்று மருந்து இன்னும் இல்லை. நோரா வோல்கோவ் குழு 2001இல் காட்டியபடி, விட்டு ஓராண்டுக்கு மேலான பிறகே மூளையின் டோபமைன் கடத்திகள் குறிப்பிடத்தக்க அளவு மீள்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் எதிலும் சுவை இல்லாமல், தூக்கம் கெட்டு, சந்தேகம் பிடித்து ஆள் தவிப்பார். ‘இது இப்படித்தான் இருக்கும், எனக்கும் எட்டு மாசம் இருந்துச்சு’ என்று சொல்லக்கூடியவர் அங்கே மருந்தின் இடத்தில் கொஞ்சமாவது நிற்கிறார்.

தமிழ் வீட்டு வாசலில்

பினாங்குத் தமிழ்க் குடும்பத்தில் சக ஆதரவாளர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் நோயாளியை அல்ல, அவருடைய அம்மாவையோ அக்காவையோ. பணம் காணாமல் போனதை, சிலிண்டர் விற்கப்பட்டதை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருப்பார்கள். ‘கல்யாணம் பண்ணி வச்சா திருந்திடுவான்’ என்ற நம்பிக்கை இன்னும் ஓயவில்லை. அதன் விலையைக் கொடுப்பவள் வேறொரு வீட்டுப் பெண். வீட்டார் சக ஆதரவாளரை ‘அண்ணே’ என்றோ ‘தம்பி’ என்றோ கூப்பிடத் தொடங்கியதும் வேலை எளிதாகிறது, ஆபத்தும் தொடங்குகிறது. உறவுமுறை வந்துவிட்டால் கடன் கேட்பார்கள், பையனைக் கண்காணித்துச் சொல்லச் சொல்வார்கள். மீள்பவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதிகளில் ஒன்று. தமிழ் வீட்டில் அதைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

தைப்பூசம் இன்னொரு கவனிக்கத்தக்க காலம். தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் வாரக் கணக்கில் குடியையும் அசைவத்தையும் விட்டு விரதம் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாகக் குடிப்பவர்கூட அந்த நாட்களைக் குடிக்காமல் தாண்டுகிறார். ஒழுங்கான நேர அட்டவணை, கூடவே விரதம் இருக்கும் கூட்டம், பார்த்துக்கொண்டிருக்கும் ஊர், முடிவில் ஒரு நாள் எனச் சிகிச்சைத் திட்டங்கள் செயற்கையாக உருவாக்க முயல்பவை எல்லாம் அதில் இருக்கின்றன. விரதம் முடிந்த மறுநாள் அந்த அமைப்பு கலைகிறது, பாட்டில் திறக்கப்படுகிறது. (குடிப்பழக்கம் முற்றியவர் மருத்துவ உதவி இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும், விரதம் தொடங்குமுன் கிளினிக்குக்குப் போவது நல்லது.) விவரமறிந்த சக ஆதரவாளர் பூசத்துக்கு முந்தைய வாரங்களில் அதிகம் உழைக்கத் தேவையில்லை. அவர் வேலை பூசத்துக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது.

எல்லையும் பாதுகாப்பும்

இந்த வேலையில் கருவியும் காயப்படக்கூடியதும் ஒன்றே: பணியாளரின் சொந்த மீட்சி. பழைய சந்துக்குள் தினம் போகிறார். பழைய வாசனை, பழைய முகங்கள். போதையின் முன்னறிவிப்புகள் மூளையில் பதிவது பற்றி மேலே சொன்னவை அவருக்கும் பொருந்தும். அதனால்தான் நிலையான மீட்சியில் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்தவரையே பல திட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. தம் கதையை எவ்வளவு சொல்வது என்பதும் கற்க வேண்டிய திறன். எதிரிலிருப்பவருக்குப் பயன்படும் இரண்டு வரி போதும்; அரை மணி நேரம் சொன்னால் அங்கே ஆறுதல் பெறுவது பணியாளர்தான். பணம் கடன் கொடுக்கக்கூடாது, வீட்டில் தங்க வைக்கக்கூடாது, உடலுறவு கூடாது, மருந்தளவு பற்றி ஆலோசனை சொல்லக்கூடாது. தற்கொலைப் பேச்சு வந்தால் தனியாகச் சமாளிக்காமல் உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

பணியாளரே மறுபடி விழுந்தால்? வேலையிலிருந்து நீக்கினால் அடுத்தவர் தம் சறுக்கலை மறைக்கக் கற்றுக்கொள்வார். மறைத்தபடி தொடர்வது அவரைச் சார்ந்திருப்பவர்களுக்கு ஆபத்து. நல்ல திட்டங்கள் இதற்கு முன்கூட்டியே எழுதி வைத்த ஏற்பாட்டைக் கொண்டிருக்கும்: உடனடி விடுப்பு, சிகிச்சை, அவரிடமிருந்தவர்களை வேறொருவரிடம் ஒப்படைத்தல், குறித்த காலம் கழித்துத் திரும்பும் உரிமை. வாராந்திர மேற்பார்வையில் வழக்குக் குறிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்கும் மேற்பார்வையாளர் பாதிப் பிரச்சினையை அங்கேயே பிடித்துவிடுவார்.

அமெரிக்காவில் 2007இல் மத்திய அரசு சக ஆதரவை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க மாநிலங்களுக்கு வழிகாட்டியபின் அது சான்றிதழும் சம்பளப் பட்டியலும் உள்ள தொழிலாயிற்று. ஆசியாவில் கொழும்புத் திட்ட அமைப்பு போதைச் சிகிச்சைப் பணியாளர்களுக்குப் பொதுப் பாடத்திட்டமும் சான்றளிப்பும் நடத்துகிறது. மலேசியாவில் தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்கள் பெரும்பாலும் திட்ட நிதியில் வாழ்கிறார்கள். நிதி நின்றால் பதவியும் நிற்கும். அபாயகர மருந்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் தண்டனை பெற்றவர் இரண்டிலிருந்து மூன்று ஆண்டு கண்காணிப்பில் இருக்க வேண்டும். அவருடைய குற்றப் பதிவு, குற்றவாளிகளைப் பதிவுசெய்யும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பேரேட்டில் நிற்கும். அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பதிவைத்தான். அதே மருத்துவமனையின் மெத்தடோன் கிளினிக் வாசலில் காலை ஏழரைக்குப் புதியவரை அழைத்துக்கொண்டு நிற்க மட்டும் அது தடையாக இருப்பதில்லை.